பத்தொன்பதாவது ஓட்டு

“அஞ்சாவது வரியைச் சத்தமா படிங்கம்மா,” என்கிறார் கண்ணாடிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி அட்டையைத் தள்ளிப் பிடிக்கிறார், கிட்டத்தில் கொண்டுவருகிறார், மறுபடி தள்ளுகிறார். “பதினாலாயிரத்து முந்நூத்தி... ஆறா, எட்டா?”

“ஆறு. வக்கீல் அஞ்சாவது தடவை நின்னப்போ ஜெயிச்ச வித்தியாசம் அது,” என்று சொல்லிக்கொண்டே, அந்த அம்மாளின் மூக்கில் மாட்டியிருக்கும் சோதனை பிரேமில் வேறொரு லென்ஸைச் செருகுகிறார். “இப்ப பாருங்க. ஆறு நல்லா வயித்தோட தெரியணும்.”

மற்றக் கண்ணாடிக் கடைகளில் படிக்கக் கொடுக்கும் அட்டையில் ஏதாவது நல்லுரை இருக்கும். இவர் கடை அட்டையில் இருப்பது தொகுதியின் தேர்தல் முடிவுகள். பன்னிரண்டு தேர்தல், பன்னிரண்டு வரி. முதல் தேர்தல் கட்டைவிரல் உயர எழுத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிறுத்துச் சிறுத்து, கடைசித் தேர்தல் எறும்பு அளவுக்கு வந்து நிற்கிறது. பத்தாவது வரி வரை தட்டுத் தடங்கல் இல்லாமல் போய்விட்டால் கண்ணில் பழுதில்லை என்று அர்த்தம்.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. பத்துப் பதினைந்து வருடமாக அதே அட்டையைப் படித்த வாடிக்கையாளர்களுக்கு முடிவுகள் மனப்பாடமாகிவிட்டன. தையல்காரர் ஒருவர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வரியையும் மளமளவென்று ஒப்பித்துவிட்டு, “எனக்குக் கண் பிரமாதமா இருக்கு” என்று எழுந்தார். போகும்போது வாசல் என்று நினைத்து பிரேம் அலமாரியின் கதவைத் திறந்தார். அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் மூன்று அட்டை வைத்திருக்கிறார். ஒன்றில் வெற்றி வித்தியாசம், ஒன்றில் ஜெயித்தவர் வாங்கிய ஓட்டு, ஒன்றில் தோற்றவர் வாங்கிய ஓட்டு. ஆளைப் பார்த்து அட்டையை மாற்றுகிறார்.

வயது ஐம்பத்தைந்து. ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். வருகிறவர்களிடமெல்லாம் “சட்டைத் துணியால கண்ணாடியைத் துடைக்காதீங்க, கீறல் விழும்” என்று எச்சரிப்பார். தன் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால்தான் துடைப்பார். கடைக்கு நல்ல பெயர் உண்டு. வேலை சுத்தம், வாய்தான் சற்று நீளம். எங்கே தொடங்கினாலும் பேச்சு தேர்தலில் வந்து நிற்கும்.

தொகுதியின் கதை சுருக்கமானது. உருவான நாளிலிருந்து இன்றுவரை ஒரே கட்சிதான் ஜெயிக்கிறது. முதல் ஆறு தடவை ஒரு வக்கீல், அடுத்த மூன்று தடவை அவருடைய தம்பி மகன், அதற்கப்புறம் மூன்று தடவை ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை. இங்கே யாரும் கட்சிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. “ஜெயிக்கிறவங்க”, “தோக்கிறவங்க” என்றால் போதும், குழந்தைக்கும் விளங்கும். தேர்தல் காலத்தில் எல்லாத் தொகுதிகளையும் அலசும் பத்திரிகைகள் இதற்கு ஒரே வரி ஒதுக்குகின்றன: ‘மாற்றம் எதிர்பார்க்கப்படவில்லை.’ ஒருமுறை எல்லையைத் திருத்தி, கால்வாய்க்கு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுச் சந்தைத் தெருக்களைச் சேர்த்தார்கள். “எடுத்ததும் அவங்க ஆளுங்க, சேத்ததும் அவங்க ஆளுங்க. அதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய மேப்பு?” என்று கேட்கிறார் கண்ணாடிக்காரர்.

அவர் தோக்கிறவங்க பக்கம். ஏன் என்று கேட்டால் நேரடியாகப் பதில் வராது. ஏழாவது தேர்தலைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார். வக்கீல் ஒதுங்கி, தம்பி மகன் முதல் தடவையாக நின்ற வருடம் அது. ஜெயிக்கிறவர்களுக்குள் சண்டை வந்து இரண்டு பேர் நின்றார்கள். வித்தியாசம் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. மற்றவர்கள் தங்கள் கல்யாண நாளைச் சொல்வதுபோல அந்த நாளைச் சொல்கிறார். மத்தியானம் வரை மேகமூட்டம், பிறகு வெயில், இவர் போட்டிருந்தது கோடு போட்ட புதுச்சட்டை. அப்படியும் இவர் கட்சி தோற்றது. “ஆனா நாலு மணி நேரம் அவங்களுக்குத் தூக்கம் இல்லாம பண்ணினோம்ல?”

தோக்கிறவங்க கட்சியில் பன்னிரண்டு தேர்தலுக்குப் பன்னிரண்டு வேட்பாளர்கள். ஒருவர்கூட இரண்டாவது தடவை நின்றதில்லை. தலைமை அலுவலகம் யாரையாவது புது ஆளை, நீச்சல் பழக்குகிற மாதிரி, இங்கே தள்ளிவிடுகிறது. கடைசியாக வந்தவர் ரயில் நிலையத்தில் இறங்கி, தொகுதிக்கு எப்படிப் போவது என்று இவருக்குத்தான் போன் செய்தார். “நீங்க நிக்கிற இடமே தொகுதிதாங்க” என்று சொல்லி அழைத்து வந்தார்.

வேட்பாளர்கள் வருவார்கள், போவார்கள். இவர் மட்டும் எட்டுத் தேர்தலாக ஒரே வாக்குச்சாவடியில், அதே பள்ளிக்கூடத்து அறையில், அதே பெஞ்சில் முகவராக உட்கார்கிறார். பக்கத்தில் ஜெயிக்கிறவங்க முகவர், ஓய்வுபெற்ற தபால்காரர். இங்கே வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தந்தச் சாவடியிலேயே எண்ணிக் கதவில் ஒட்டிவிடுவார்கள். கடந்த பல தேர்தல்களாக இவர் சாவடியில் இவர் கட்சிக்கு விழும் ஓட்டு பத்தொன்பது. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அதனால் தபால்காரர் வைத்த பெயரே ஊரில் நிலைத்துவிட்டது. “பத்தொம்பது கடையில இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டுதான் பாதிப்பேர் வருகிறார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. “தோக்குறதுலயும் ஒரு ஒழுங்கு வேணும்ல?” என்பார்.

ரகசிய வாக்கெடுப்பு என்பதெல்லாம் போட்டி இருக்கிற தொகுதிகளுக்கு. இங்கே அந்தப் பத்தொன்பது பேரையும் அவர் விரல்விட்டுச் சொல்வார். அவர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன், அண்ணனின் மனைவி. சைக்கிள் கடைக்காரர் குடும்பம் மூன்று பேர், சாக்கடைத் தகராறில் வக்கீல் வீட்டுக்காரர்கள் ஓரவஞ்சனை செய்தார்கள் என்பதற்காக. நர்ஸ் சகோதரிகள் இருவர். முன்னாள் டைப்பிஸ்ட் ஒரு அம்மாள், முதல் தேர்தலின்போது வணக்கம் சொன்னதற்கு வக்கீல் திரும்பிப் பார்க்கவில்லையாம். இப்படிப் போகும். கொள்கைக்காகப் போடுகிறவர் பட்டியலில் யாராவது உண்டா என்று கேட்டால், யோசித்துவிட்டு, “ஒருத்தர் இருந்தாரு, வீடு மாறிட்டாரு” என்பார்.

தேர்தலன்று அவர் வேலை செய்யும் விதமே தனி. அச்சிட்ட வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் பென்சிலால் ஒரு டிக். அறுநூறு பேர் வந்தால் அறுநூறு டிக். இடையில் எழுந்து போகமாட்டார், மத்தியானச் சாப்பாடும் பெஞ்சிலேயே. தன் ஓட்டைக் கடைசியாகத்தான் போடுவார், கதவு சாத்த ஐந்து நிமிடம் இருக்கும்போது. “விருந்து வச்சவன் கடைசியா சாப்பிடணும்ல?” என்பது அவர் விளக்கம்.

போன தேர்தலில் நடந்ததை அவர் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார். மாலை ஆறு மணிக்குக் கதவு சாத்த இன்னும் இருபது நிமிடம். ஒரு பெயின்டர் வந்து, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். கண்ணாடிக்காரர் கண்ணை ஏதோ உறுத்தியது. ஓட்டுச் சீட்டு மங்கிய மஞ்சள், உள்ளே போனதோ வெள்ளை. “ஐயா, அது ஓட்டு இல்ல!” என்று எழுந்துவிட்டார். பெயின்டர் சட்டைப் பையிலிருந்த மருந்துச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஓட்டுச் சீட்டோடு வெளியே போய்விட்டார். அந்தப் பெயின்டர் ஜெயிக்கிறவங்க ஆள், வீட்டுச் சுவரே அவர்கள் நிறம். “விடுங்க பத்தொம்பது, எங்களுக்கு ஒண்ணு குறைஞ்சா குடிமுழுகிப் போயிடாது,” என்றார் தபால்காரர். இவர் விடவில்லை. தெருத் தெருவாக ஓடி, டீக்கடையில் ஆளைப் பிடித்து, கையைப் பற்றி இழுத்து வந்தார். அதிகாரி சீட்டைச் சரிபார்த்துப் பெட்டியில் போடச் சொல்லவும், மணி ஆறு அடிக்கவும், கதவைச் சாத்தவும் சரியாக இருந்தது. “எதிராளியோடதா இருந்தா என்ன? ஓட்டு ஓட்டுதான்,” என்று இந்தக் கதையை முடிப்பார். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். நியாயமான மனிதர்தான், அதில் சந்தேகமில்லை.

அன்றைக்கு எண்ணியபோது மருந்துச் சீட்டு வெளியே வந்து எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் இவர் கட்சியின் சீட்டுக் கட்டை எண்ணினார்கள். பதினெட்டு. மறுபடி எண்ணச் சொன்னார். பதினெட்டு. செல்லாத ஓட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தார், பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். “என்ன பத்தொம்பது, பேரை மாத்தணுமா?” என்றார் தபால்காரர். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இவருக்கு முகம் செத்துவிட்டது.

தொகுதியே பதினெட்டாயிரம் வித்தியாசத்தில் போயிருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒன்று எங்கே போனது என்பதே பேச்சு. வீட்டுக்கு வந்து பட்டியலை விரித்து, மற்றப் பதினெட்டுப் பேருக்கும் டிக் இருக்கிறதா என்று பார்த்தார். பதினெட்டும் இருந்தது. எல்லோரும் வந்திருக்கிறார்கள், அப்படியானால் வந்தவர்களில் ஒருவர் மாற்றிப் போட்டிருக்கிறார். யார்? சைக்கிள் கடைக்காரருக்குச் சாக்கடைத் தகராறு இன்னும் தீரவில்லை. டைப்பிஸ்ட் அம்மாள் செத்தாலும் மாறமாட்டார். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்ததில் மிஞ்சியவர் மச்சான்.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பேக்கரி வைத்திருப்பவர். இவரைவிட நான்கு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். அந்த வருடம் அவருடைய முழங்கால் அறுவைசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்காமல் இழுத்தடித்தது. தலைமையாசிரியை ஒரு கடிதம் கொடுத்தார், ஒரே வாரத்தில் தேதி கிடைத்தது. கண்ணாடிக்காரருக்கு அது போதுமானதாக இருந்தது.

மனதிலேயே வைத்துக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை. மச்சான் பேத்தியின் பிறந்தநாளன்று, வீடு நிறைய ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டார். “முட்டி நல்லா மடங்குதா மச்சான்? ஒரு ஓட்டுக்கு ஒரு முட்டி. மோசமில்ல.”

மச்சான் தட்டைக் கீழே வைத்தார். “என்ன சொல்றீங்க மாப்ள?”

“பதினெட்டுதானே விழுந்துச்சு. போட்டேன், போடலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

மச்சான் அவரை நன்றாக, நிதானமாகப் பார்த்தார். “சொல்ல மாட்டேன்,” என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. இரண்டு வருடம் ஆகப்போகிறது. நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தார். அங்கிருந்து ஒரு பிஸ்கட்கூடக் கொண்டுவரமாட்டார். கண்ணாடிக்காரர் பஸ் நிலையத்துக் கடையில் வாங்கிய ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு, அது நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “எனக்கும்தான் ஓட்டு இருக்கு. என்னை ஏன் சந்தேகப்படல?” என்று ஒருநாள் மனைவி கேட்டார். “உன்னைப் போயா?” என்றார் இவர். “அப்ப எங்க அண்ணனை மட்டும் சந்தேகப்படலாமா?” என்றதற்கு, இவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சீவப் போய்விட்டார். மனம் மட்டும் மாறவில்லை.

சென்ற மாதம் தலைமையாசிரியை உடல்நிலை காரணமாகப் பதவியை விட்டார். இடைத்தேர்தல் அறிவித்தார்கள். போன தடவை யார் யார் வந்து போட்டார்கள் என்று புதுப் பட்டியலில் குறித்து அனுப்பும்படி கட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புதுப் பட்டியலை, வாக்காளர் எண்ணை மாற்றாமல், வீட்டெண் வரிசையில் அச்சடித்திருந்தார்கள். ஒருவர் பழையதைப் படிக்க, இன்னொருவர் புதியதில் தேடிக் குறித்தால்தான் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். எண் படிப்பது மனைவிக்குப் பழகிய வேலை.

“நானூத்தி இருபத்தொம்பது, டிக் இருக்கு. முப்பது, இருக்கு. முப்பத்தொண்ணு, இல்ல.”

“செத்துப்போயிருப்பாங்க,” என்றார் இவர், தலை நிமிராமல். “யாரு?”

“நீங்க.”

பென்சில் நின்றது. மனைவி பட்டியலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “கண்ணாடியைப் போட்டுக்கிட்டே பாருங்க.”

மனைவி பெயருக்கு எதிரில் டிக் இருந்தது. அதற்கு மேல் வரியில், அவர் பெயருக்கு எதிரில், வெறும் காகிதம்.

“குறிக்க மறந்திருப்பேன்,” என்றார்.

“அறுநூறு பேரைக் குறிச்சீங்க. உங்களை மட்டுமா மறந்தீங்க?”

வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். மனைவியிடம் அது நடக்காது. கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டுச் சீட்டை வாங்கிய நேரத்தை நினைவுபடுத்திப் பார்த்தார். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு எழுந்ததும், சீட்டை வாங்கியதும், மறைப்புக்குப் பின்னால் போனதும் எல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் அது எந்தத் தேர்தல் என்றுதான் சொல்ல முடியவில்லை. ஏழு தடவை ஒரே மாதிரி செய்த காரியம் எட்டாவது தடவையும் நடந்ததாகவே மனதில் பதிந்துவிட்டது. அந்த எட்டாவது தடவை, அந்த ஐந்து நிமிடத்தில் அவர் எங்கே இருந்தார்? பெயின்டர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தார். உள்ளே நுழைந்தார்கள், பெயின்டர் சீட்டு விழுந்தது, மணி அடித்தது, கதவைச் சாத்தினார்கள். மூச்சு வாங்க, சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

எதிராளியின் ஓட்டைக் காப்பாற்றியவர் தன் ஓட்டைப் போடவே இல்லை. பதினெட்டுப் பேரின் பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தவருக்கு, ஒரு தடவைகூடத் தன் பெயரைப் பார்க்கத் தோன்றவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, சபையில் கேட்ட அந்த முட்டிப் பேச்சு இப்போது தன் காதிலேயே விழுந்தது. உட்கார முடியவில்லை.

மனைவி குரலை உயர்த்தவில்லை. “லிஸ்ட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க,” என்றார். எங்கே என்று அவரும் கேட்கவில்லை.

பேக்கரியின் பின்கட்டில் மச்சான் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நீளமான மர மேசை, ஓரத்தில் தட்டுகள், சுவரெல்லாம் அடுப்புச் சூடு. இவர் வந்து நின்றதைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

“மச்சான், போடாதது நான்தான்,” என்றார் கண்ணாடிக்காரர். பட்டியலை விரித்து மேசைமேல் வைக்கப் போனார், மாவு படும் என்று மறுபடி எடுத்துக்கொண்டார். பெயின்டரைப் பிடிக்க ஓடியதையும் கதவு சாத்தியதையும் தட்டுத் தடுமாறிச் சொன்னார். எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்ன கதை, இப்போது நாக்கில் புரள மறுத்தது.

மச்சான் மாவைத் திருப்பிப் போட்டார். “அந்த ஒண்ணு உங்களோடதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“எப்படி?”

“நான் போட்டேன். என் வீட்ல போட்டா. தங்கச்சி போட்டிருப்பா. மத்தவங்க யாரும் மாத்துற ஆளுங்க இல்ல. அப்ப மிச்சம் யாரு? நீங்க ஒருத்தர்தானே.” மாவை மடித்து அழுத்தினார். “ஓட்டுப் போட மறந்துட்டீங்கன்னு எனக்குத் தோணல. கடைக்கு ஏதோ சிக்கல், லைசென்ஸ் அது இதுன்னு, அவங்க பக்கம் சாஞ்சுட்டீங்கன்னு நினைச்சேன். அன்னிக்கு அத்தனை பேர் முன்னால நான் போட்டேன்னு சொல்லியிருந்தா, அடுத்த கேள்வி உங்களைப் பாத்துத்தான் வந்திருக்கும். அதான் வாயைத் திறக்கல.”

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

“நீங்க மாறிட்டீங்கன்னு நினைச்சப்பக்கூட எனக்குக் கோபம் வரல மாப்ள. மனுஷனுக்கு ஆயிரம் இருக்கும். அதைக் கொண்டாந்து என் தலையில வச்சீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.”

“தப்புதான் மச்சான்,” என்றார். வேறென்ன சொல்வது? பட்டியலைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். தலையை நிமிர்த்தியபோதுதான் மச்சானின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியின் வலது காம்பு ஒடிந்து, நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தது. ஒரு லென்ஸ் சாய்ந்து கன்னத்தில் இடித்துக்கொண்டிருந்தது.

“இது எப்ப உடைஞ்சது?”

“போன வருஷம்.”

“ஊர்ல வேற கடை இல்லையா?”

“மூணு இருக்கு,” என்றார் மச்சான்.

கண்ணாடிக்காரர் பட்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். மச்சானின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை மாவுக்குள் இருந்தன. அவர் கையை எடுக்கவில்லை. குனிந்து, முகத்தை மட்டும் இவர் பக்கம் நீட்டினார்.